மஹருக்குக் கேட்ட லித்தியம்

மஹராக என்ன வேண்டும் என்று கேட்க உம்மா அறைக்குள் வந்தபோது நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கலியாணம் பேசி முடிந்தவள் சிரிக்காமல் வேறு என்ன செய்வாள்? மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தே தீரவேண்டியது. அது பெண்ணுக்கு மட்டும் சொந்தம். வாப்பாவும் தொடக்கூடாது, புருசனும் தொடக்கூடாது. சாய்ந்தமருதிலும் சரி, மருதமுனையிலும் சரி, எந்தக் குமர்ப் பிள்ளையைக் கேட்டாலும் இத்தனை பவுண் என்றுதான் சொல்லும். உம்மாவும் பவுண் கணக்கைத்தான் எதிர்பார்த்து வந்தா. நான் லித்தியம் என்றேன்.

உம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. எனக்கு ஏதோ வருத்தம், அதற்கு மருந்து கேட்கிறேன் என்று நினைத்துவிட்டா. மருந்தில்லை உம்மா, ஆஸ்திரேலியாவில் மண்ணைத் தோண்டி எடுக்கிற சாமான், கரண்டில் ஓடுகிற கார், பஸ், ஸ்கூட்டி எல்லாத்துக்கும் பெற்றரி அதில்தான் செய்கிறார்கள், அதைத் தோண்டுகிற கம்பனியில் எனக்கு ஆயிரம் பங்கு வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். உம்மா கட்டிலில் குந்திவிட்டா. கழுத்தில் எதைப் போடுவாய், சனத்துக்கு என்ன காட்டுவாய் என்று கேட்டா. போனைக் காட்டுவேன் என்றேன். அன்று பகல் முழுக்க உம்மா என்னோடு கதைக்கவில்லை. சோறு மட்டும் போட்டா.

பழி முழுக்க என் மாப்பிள்ளையில்தான். அவர் கட்டாரில் மின்சார பஸ்கள் நிறுத்துகிற இடத்தில், பெற்றரிப் பகுதியில் வேலை. நிச்சயமான பிறகு போனில் கதைக்க எங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் எப்படிப்பட்ட அனுமதி? குசினியில், ஸ்பீக்கரில் போட்டு, உம்மா பக்கத்தில் இருந்து வெங்காயம் வெட்ட வெட்டக் கதைக்க வேண்டும். அந்த நிலைமையில் ஒரு மனிசன் காதலைக் கதைப்பானா? அவர் லித்தியத்தைக் கதைத்தார். இருக்கிற உலோகத்திலேயே அதுதான் ஆகப் பாரம் குறைஞ்சது என்பார். காற்றுப் பட்டாலே நிறம் மாறிவிடும், எண்ணெய்க்குள் போட்டுத்தான் வைத்திருப்பார்கள், தண்ணீர் பட்டால் பொங்கும் என்பார். நான் முகம் சிவந்து சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வேன். இதில் வெட்கப்பட என்ன இரிக்கி என்று உம்மா வெங்காயக் கத்தியோடு என்னைப் பார்ப்பா.

எனக்கும் அதில் ஒரு சொந்தக் கோபம் இருந்தது. பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் நானும் நின்றேன். கல்முனையில் ரியூசன் வகுப்பில் வர்த்தகம் படிப்பிக்கிறவள் நான். வெயிலில் ஸ்கூட்டியைத் தள்ளித் தள்ளி, புர்காவுக்குள் வேர்த்து ஊறி நின்றபோது, எங்கட ஒழுங்கையில் இருக்கிற ஒரு ராத்தா மின்சார ஸ்கூட்டியில் சத்தமே இல்லாமல் என்னைக் கடந்து போனா. போனது போகட்டும், கையையும் அசைத்துவிட்டுப் போனா. அந்தக் கையசைப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இனி உலகம் இந்தப் பக்கம்தான் போகும், நானும் இந்தப் பக்கம்தான் நிற்பேன் என்று. பங்கு என்றால் என்ன, பங்கிலாபம் என்றால் என்ன என்று வருசக்கணக்காகப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள். சொந்தமாக ஒரு பங்கு என் பேரில் இருந்ததில்லை.

அவருடைய திட்டம் வடிவான திட்டம். இன்றைக்கு வாங்கி நாளைக்கு விற்கிற வேலை இது இல்லை, போட்டுவிட்டுப் பத்து வருசம் மறந்துபோக வேண்டும் என்றார். அதற்குள் உலகத்தில் பாதி வாகனம் கரண்டில் ஓடும், லித்தியத்துக்கு அடிபிடி வரும், நம்மட பங்கு வளரும். அதை விற்று ஊரிலேயே பெற்றரி திருத்துகிற கடை போடுவோம், அத்தோடு வெளிநாட்டுக்கு ஸலாம் சொல்லிவிட்டு நிரந்தரமாக வந்துவிடுவேன் என்றார். கலியாணம் நிச்சயமானவளுக்குப் பத்து வருசம் என்றால் நாளை மறுநாள். நான் ஓம் ஓம் என்று குதித்தேன்.

வாப்பாவுக்குக் கரைவலை ஒன்றில் பங்கு உண்டு. அவருக்குப் பங்கு என்றால் வலைப் பங்குதான். வலை இழுக்கிற நாளில் பங்காளி கரைக்குப் போய் நிற்பான், மீன் நிறைய விழுந்தாலும் கொஞ்சம் விழுந்தாலும் வீட்டுக் கறிக்கென்று ஒரு பங்கு கையோடு கொண்டு வருவான். அதனால் அவர் மாப்பிள்ளையிடம் போனில் ஒரேயொரு கேள்விதான் கேட்டார், அந்தக் கம்பனி கறிக்கு என்ன தரும் என்று. மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்து, முதல் சில வருசம் ஒன்றும் தராது மாமா, எல்லாத்தையும் திரும்பத் தோண்டுறதுக்கே போடுவாங்க என்றார். பங்காளிக்குக் கறிமீன் கூடக் குடுக்காத கம்பனியா என்று வாப்பாவுக்குப் பெரிய மனவருத்தம். மாப்பிள்ளையின் உம்மா, என் மாமி, இன்னும் ஒரு படி மேலே போய், பவுணை இரட்டிப்பாகத் தாறோம், இந்தக் கல்லு மண்ணை விட்டுவிடச் சொல்லுங்க என்று ஆள் அனுப்பினா. நான் அசையவில்லை.

நிகாஹ் எங்கள் வீட்டு மண்டபத்தில். நான் அறைக்குள், திரைச்சீலைக்குப் பின்னால், ராத்தாமார் சூழ இருக்கிறேன். வெளியே பதிவுப் புத்தகத்தோடு நிகாஹ் செய்துவைக்கிற ஹஸ்ரத். மஹர் என்ன என்று கேட்கிறார். வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, லித்தியம் தோண்டுற கம்பனியில ஆயிரம் பங்கு என்கிறார். மண்டபத்தில் முணுமுணுப்பு எழும்புகிறது. எனக்கு உள்ளே சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்து, பக்கத்தில் இருந்த ராத்தாவின் கையை நசுக்கிவிட்டேன்.

ஹஸ்ரத் பேனையை மூடி வைத்தது திரை இடுக்கால் தெரிந்தது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஆஸ்திரேலியாவில் மண்ணுக்குள் என்று மாப்பிள்ளை பதில் சொன்னார். மண்ணுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியுமா? தெரியாது. அப்படியென்றால் கடலில் இருக்கிற மீனை விற்ற கதைதானே, பிடிக்காத மீனை விற்கவும் ஏலாது, மஹராகக் கொடுக்கவும் ஏலாது, அது கூடாது என்றார். மாமி எங்கோ பின்னால் இருந்து அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே போயிருப்பேன். ராத்தாமார் இரண்டு பேர் சீலையைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை பொறுமையாகச் சொன்னார். ஹஸ்ரத், மண்ணுக்குள் இருக்கிற கல்லைக் கொடுக்கவில்லை, அதைத் தோண்டுகிற மெசின், காணி, கட்டடம் எல்லாத்திலும் ஆயிரம் பங்கு கொடுக்கிறேன் என்றார். ஹஸ்ரத் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு அவருக்கே அது பிடிபட்டது. மீனில் பங்கென்றால் கூடாது, வலையில் பங்கென்றால் கூடும், அப்படித்தானே என்று வாப்பாவைப் பார்த்துக் கேட்டார். வாப்பாவின் முகம் அப்படியே மலர்ந்துபோனதாம். அந்தக் கணமே அவருக்கு லித்தியம் முழுக்க விளங்கிவிட்டது. கரைவலைப் பங்காளிகள் நாலைந்து பேர் மண்டபத்தில் இருந்தார்கள், எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். ஹஸ்ரத் சிரித்துக்கொண்டே பேனையைத் திறந்தார். விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் ரூபாயை எழுதாமல் பங்கின் எண்ணிக்கையை எழுதினார்.

அதோடு முடியவில்லை. மஹரைப் பெண் கையில் ஒப்படைக்க வேண்டுமே. பவுண் என்றால் கழுத்தில் போடலாம். மாப்பிள்ளை அறைக்குள் வந்தார், ஆளை நான் முதன்முதல் நேரில் அப்போதுதான் பார்க்கிறேன், போனில் கேட்ட குரலை விட உயரமாக இருந்தார். தன் போனை இரண்டு கையாலும் எடுத்து என் மருதாணிக் கையில் வைத்தார். பிறகு குனிந்து என் காதில் பங்குக் கணக்கைத் திறக்கிற இலக்கத்தைச் சொன்னார். அது என் ஸ்கூட்டியின் இலக்கம். பெண் பார்க்க அனுப்பிய படத்தில் ஸ்கூட்டியும் நின்றது, அதைப் பார்த்து வைத்திருக்கிறார் மனிசன். எந்த நேரம் விற்றாலும் சல்லி என்னுடைய வங்கிக் கணக்குக்குத்தான் வரும்படி செய்து வைத்திருப்பதாகவும் சொன்னார். யா அல்லாஹ், அந்த நிமிசம் எனக்குத் தலை சுற்றியது. கழுத்து நிறைய நகை போட்ட எந்தப் பெண்ணுக்கும் அப்படிச் சுற்றியிருக்காது.

லீவு முடிந்து அவர் கட்டாருக்குத் திரும்பினார். எங்கட ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணுக்குரியது. ஆகவே அவர் போனதும் வெறுமையானது என் வீடுதான். அந்த வெறுமைக்குள் நான் லித்தியத்தைக் குடிவைத்தேன். நான் விடிய எழும்பி சுபஹுத் தொழுது முசல்லாப் பாயை மடிக்கிற நேரம் ஆஸ்திரேலியாவில் சந்தை திறக்கும். கையில் பிளேன்டீயோடு போனைத் திறப்பேன். பச்சை நிறத்தில் விலை ஏறும். ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே நடுச்சாமம் என்றும் பாராமல் அவருக்குப் போன் எடுத்து மச்சான் மச்சான் என்று கத்துவேன். அவரும் அங்கிருந்து சிரிப்பார். பத்து வருசத் திட்டம் ஐந்து வருசத்தில் முடியும் போல, புள்ள, என்பார். நான் அந்த ஐந்தை மனதுக்குள் மூன்றாக்கிக்கொள்வேன்.

ஊருக்குள் எனக்குப் பேர் வந்தது. லித்தியம் டீச்சர் என்றார்கள். மீன் வாங்கப் போனால் பாரை மீன் என்ன விலை என்று நான் கேட்க முந்தி மீன்காரர், லித்தியம் இண்டைக்கு என்ன விலை டீச்சர் என்று என்னைக் கேட்பார். வகுப்பில் நீண்டகால முதலீடு என்ற பாடத்தை நான் படிப்பித்த படிப்பித்தலைக் கேட்டிருக்க வேண்டும். பொறுமைதான் முதல், பதறுகிறவன் சல்லி பொறுத்திருக்கிறவன் பைக்குள் போகும் என்று மேசையில் தட்டித் தட்டிச் சொன்னேன். மாமி கூட ஒரு நாள் மெதுவாக வந்து, அந்தக் கல்லுல எனக்கும் ரெண்டு பங்கு எடுக்கலாமா மகள் என்று கேட்டா. நான் உடனே சம்மதிக்கவில்லை. கொஞ்சம் கெஞ்ச விட்டேன்.

பிறகு விழுந்தது. விழுந்த விதத்தைச் சொல்லவே கூடாது. எல்லா நாட்டிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் தோண்டிவிட்டார்கள், கார் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, சாமான் மலிந்துபோனது. சுபஹுக்குப் பிறகு போனைத் திறந்தால் ஒரே சிவப்பு. ஊர் ஆட்கள் மௌத்து வீட்டுக்கு வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விசாரிக்க வந்தார்கள். வந்த ஆட்களுக்கு நான் பாடம் எடுத்தேன். விலை விழுந்தால் என்ன, பங்கு ஆயிரமும் ஆயிரமாகத்தான் இருக்கு, ஒன்றும் குறையவில்லை. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு, பாவம் படித்த பிள்ளை என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவர் போனில் சிரித்தார். கல்லு மண்ணுக்குள்ள அழுகாது புள்ள, கிடக்கட்டும் என்றார். நானும் கிடக்கட்டும் என்றேன். எனக்கு உண்மையில் பயமே இல்லை.

பயம் வந்தது வேறு ஒரு நாள். வழக்கம்போல் கதைத்துக்கொண்டிருந்தவர், இடையில் சாதாரணமாக, இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டன் என்றார். எதற்கு என்றேன். வேலை ஒப்பந்தம் என்றார். விலை இந்த நிலைமையில் கிடக்கும்போது கடை போட ஏலாதே, அது ஏறுமட்டும் நான் இங்கேயே இருக்கிறதுதானே புத்தி என்றார். சொல்வதில் பிழையே இல்லை. நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே கணக்கு. எனக்குத்தான் அதுவரை விளங்காமல் போயிருக்கிறது. அந்தச் சிவப்புக் கோடு கீழே போகப் போக, என் புருசன் வீட்டுக்கு வருகிற நாள்தான் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறது. நான் இவ்வளவு நாளும் பிளேன்டீ குடித்துக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபம் சின்னக் கோபம் இல்லை. போனை வைத்துவிட்டு வாசல் கூட்டினேன், கூட்டின வாசலைத் திரும்பவும் கூட்டினேன். அந்த நேரம், தடை செய்து வைத்திருந்த வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்டிருந்தார்கள். கல்முனை றோட்டில் புது மின்சாரக் கார்கள் வழுக்கிக்கொண்டு போயின. பழைய ஹைபிரிட் கார்களோ பெற்றரி செத்து ஒழுங்கைக்கு ஒன்றாக நின்றன. அதைத் திருத்தத் தெரிந்த ஆளைத் தேடிச் சனம் கொழும்புக்குப் போனது. திருத்தத் தெரிந்த ஆள் கட்டாரில் இருக்கிறார், விலை ஏறுமட்டும். இதை விட விசர்த்தனம் உலகத்தில் வேறு இருக்கா? மஹர் யாருடையது? என்னுடையது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் சுபஹுத் தொழுதேன், ஒரு துஆ கேட்டேன், போனைத் திறந்து ஆயிரம் பங்கையும் விற்றேன். வாங்கிய விலையில் பாதி கூட இல்லை. உறுதியாகவா என்று போன் கேட்டது. உறுதியாகத்தான் என்று சத்தமாகவே சொல்லி அமத்தினேன். அமத்திவிட்டுச் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. உம்மா ஓடி வந்து பார்த்தா.

அந்தச் சல்லி ஒரு சின்னக் கடையை வாடகைக்கு எடுக்கவும் திருத்து வேலைக்கு முக்கியமான ஆயுதங்கள் வாங்கவும் போதுமாக இருந்தது. பெரிய றோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, முன்பு துணி வைத்து விற்ற கடை. பெயர்ப்பலகை அடித்தேன். ஹைபிரிட், மின்சார வாகன பெற்றரிகள் திருத்தப்படும் என்று எழுதுவித்து, பூட்டிய கதவுக்கு மேலே தொங்கவிட்டுப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. ஸ்பீக்கர் இல்லை, உம்மா இல்லை.

"அடி விலையில வித்துப்போட்டியே புள்ள," என்றார். "கொஞ்சம் பொறுத்திருந்தா ஏறும். நிச்சயம் ஏறும்."

"ஏறும் மச்சான், எனக்குத் தெரியும். அது ஏறுமட்டும் என்னால உங்கள போனுக்குள்ள வெச்சிக் குடும்பம் நடத்த ஏலாது. என்ட மஹர், நான் வித்துட்டன். கடை எடுத்திரிக்கன். வந்து திறங்க, இல்லாட்டி அது பூட்டினபடியே கிடக்கட்டும்."

அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அழைப்பில்லை. ஒரு நாள் இல்லை, மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. பங்கு விழுந்தபோது வராத பயம் எல்லாம் அப்போதுதான் சேர்ந்து வந்தது. மனிசனின் பத்து வருசக் கனவை நான் பிளேன்டீ ஆற முந்தி விற்றுவிட்டேனே, இனி இந்தப் பெண்ணோடு எப்படி என்று நினைத்துவிட்டாரோ? வகுப்பில் இலாபத்துக்கு நட்டம் என்று எழுதிவிட்டு நின்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு குரல் செய்தி வந்தது. வகுப்பு நடுவில் வெளியே ஓடிப்போய்க் காதில் வைத்துக் கேட்டேன். ஒப்பந்தத்தை மாற்ற மேலாளரோடு மல்லுக்கட்டியிருக்கிறார், ஒருவழியாக விடுகிறார்களாம். கடைசியில், "பூட்டுக்கு எண்ணெய் போட்டு வை," என்றார். நான் ரியூசன் வாசலில் நின்று செருப்பு கழன்று விழுமட்டும் குதித்தேன். ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள். பார்க்கட்டும், எனக்கென்ன.

அவர் வந்து இறங்கியபோது முகம் கறுத்து, கொஞ்சம் மெலிந்து, ஒரு பெட்டி நிறையத் திருத்துகிற ஆயுதங்களோடு வந்தார். கடையைப் பார்த்துவிட்டு, பெயர்ப்பலகை கொஞ்சம் சரிஞ்சிரிக்கி என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன குறை. முதல் மாதம் ஈ ஓட்டினோம். பிறகு ஒரு கார் வந்தது, அந்தக் கார் இரண்டு காரை அனுப்பியது. அக்கரைப்பற்றிலிருந்தும் வந்தார்கள், திருக்கோவிலிலிருந்தும் வந்தார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து கறுத்த கையைக் கழுவாமலே மீன் குழம்புச் சட்டியைத் திறப்பார். நான் கத்துவேன். நான் கத்துகிறதைக் கேட்க ஆள் வீட்டில் இருக்கிறார் என்ற சந்தோசத்தில் இன்னும் கொஞ்சம் கூடக் கத்துவேன்.

அப்படியிருக்க லித்தியம் ஏறத் தொடங்கியது. யாரோ வகுப்பில் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. சும்மா ஏறவில்லை, வெறிபிடித்து ஏறியது. நான் அவருக்குச் சொல்லவில்லை. மனிசன் சொன்னது பலித்துவிட்டது, கேட்டால் மனம் உடைந்துபோவார் என்று மறைத்தேன். அவர் கடைக்குப் போன பிறகு போனைத் திறந்து பச்சைக் கோட்டைப் பார்ப்பேன், பெருமூச்சு விடுவேன், மூடி வைப்பேன்.

ஒரு காலை சுபஹுக்குப் பிறகு அறைக்குள் போனேன். அவர் முசல்லாவில் இருந்தபடியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனை முசல்லாவுக்குக் கீழே தள்ளினார். கட்டாரில் திரும்ப வேலை தேடுகிறாரா? பாய்ந்து பறித்தேன். பார்த்தால் பச்சைக் கோடு. அதே கம்பனி. அவரும் கிழமைக்கணக்காக எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், தெரிந்தால் நான் உடைந்துபோவேன் என்று. நான் என் போனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே பக்கம் திறந்திருந்தது. ஆளை ஆள் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வெடித்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "நீ வித்திருக்காட்டி, புள்ள, இண்டைக்கு மூணு மடங்கு."

"நான் வித்திருக்காட்டி இந்தக் கணக்க நீங்க இண்டைக்குக் கட்டார்ல இரிந்து சொல்லியிருப்பீங்க."

"ஓம்," என்றார் அவர் மெதுவாக. இரண்டு போன்களையும் எடுத்துக் கவிழ்த்து வைத்தார். வெளியே யாரோ பெற்றரி செத்த காரைக் கட்டி வீட்டு வாசலுக்கே இழுத்துக்கொண்டு வந்து ஹோர்ன் அடித்தார்கள். நாங்கள் எழும்பவில்லை. அன்றைக்குக் கடை திறக்க நன்றாகப் பிந்திவிட்டது.